வெள்ளீயப் பதக்கம்



பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் மார்பில் பதக்கம் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று அப்படிப்பட்ட ஒரு பதக்கத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். சீரங்கப்பட்டணத்துப் பதக்கம் என்று அதற்குப் பெயர்.

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் கம்பெனிப் படை வேலூரிலிருந்து மைசூரை நோக்கிக் கிளம்பியது. படையில் வெள்ளைக்காரர் கொஞ்சம். பெரும்பகுதி சென்னை ராஜதானியின் சிப்பாய்கள். மே 4-ம் தேதி நடுப்பகலில் கோட்டைக்குள் புகுந்தார்கள். திப்பு சுல்தான் ஓடவில்லை. கோட்டைக்குள்ளேயே போரிட்டு மடிந்தார். அப்புறம் கொள்ளையும் பங்கு பிரித்தலும். ஹாரிஸ் மட்டும் எட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். அது அதிகம் என்று கம்பெனியே அவர்மேல் வழக்காடியது என்றால் பாருங்கள்!

இந்த வெற்றிக்காகத்தான் கம்பெனி பதக்கம் அடித்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் மாத்யூ போல்டன் என்பவரின் நாணயச்சாலை இருந்தது. நீராவி எந்திரம் செய்த ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி அவர். அச்சுக்குப் படம் வெட்டியவர் கூக்லர் என்ற ஜெர்மானியர். கல்கத்தா நாணயச்சாலையிலும் அடித்தார்கள்.

ஒரு பக்கம், கோட்டை மதிலின் உடைப்பில் படை ஏறுகிறது. உச்சியில் சூரியன், நடுப்பகலில் நடந்த தாக்குதல் என்பதற்கு அடையாளம். கீழே பாரசீக எழுத்து. மறுபக்கம், பிரிட்டிஷ் சிங்கம் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. புலி திப்புவின் சின்னம். சிங்கத்தின் மேலே ஒரு கொடி. அதில் அரபி எழுத்தில், ‘இறைவனின் சிங்கமே வெல்லும்’ என்ற வாசகம். இது யாருடைய வாசகம்? திப்பு தம் ஆயுதங்களில் பொறித்து வைத்திருந்த வாசகம்! செத்தவரின் சொல்லையும் விட்டுவைக்கவில்லை.

படம் எல்லோருக்கும் ஒன்றுதான். உலோகம்தான் வேறு. ஜெனரல்களுக்குத் தங்கம். அடுத்த பெரிய அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. காப்டன் முதலானோருக்கு வெள்ளி. அதற்கும் கீழே வெண்கலம். கடைசியில் நின்ற சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுகிறோமே, அதே ஈயம்தான். மதிலின் உடைப்பில் ஏறியவன் யார், கூடாரத்தில் இருந்தவர் யார் என்று நான் சொல்லவா வேண்டும்?

அந்த ஈயமும் உடனே வரவில்லை. 1808-ல்தான் விநியோகம். இடையில் என்ன நடந்தது? 1806 ஜூலை 10-ம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சென்னைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதுத் தலைப்பாகை போடு, தாடியை எடு, நெற்றிக்குறியை அழி, கடுக்கனைக் கழற்று என்று வந்த உத்தரவுதான் பொறி. திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். சிப்பாய்கள் ஏற்றியது எந்தக் கொடி தெரியுமா? புலிக்கொடி! அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கிளர்ச்சியை ரத்தத்தில் முக்கியது. இரண்டு வருஷம் கழித்து, அதே சென்னைப் படையின் சிப்பாய் கையில், சிங்கம் புலியை மிதிக்கும் ஈயவில்லை.

1815-ல் வாட்டர்லூ சண்டை நடந்தது. அதற்குக் கொடுத்த பதக்கத்தில் ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி. விளிம்பில் அவனவன் பெயரும் பொறித்திருந்தது. சீரங்கப்பட்டணத்துப் பதக்கத்தில் பெயர் கிடையாது. மாட்டுவதற்கு ஒரு வளையம்கூட வைத்துக் கொடுக்கவில்லை. வேண்டியவர்கள் தாங்களே போட்டுக்கொண்டார்கள். ஒரு காலத்தில் பஞ்சாலை வாசலில் கொடுத்த பித்தளை டோக்கனிலாவது ஒரு நம்பர் இருந்தது.

ஈயம் மெத்தென்ற உலோகம். இன்று மிஞ்சியிருக்கும் பதக்கங்களில் பல நசுங்கியும் தேய்ந்தும் கிடக்கின்றன. விளிம்பை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும், வாங்கியவன் எந்த ஊர், யார் மகன் என்று தெரியாது.