பஞ்சுத் தூசியும் உடலின் காவலரும்



ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் திங்கட்கிழமையின் இயல்பை நன்கு அறிவான். அன்று மட்டும் பிள்ளைகளிற் சிலருக்கு வயிறு வலிக்கும். வேறு சிலருக்குத் தலை வலிக்கும். முதல் மணி அடித்து இரண்டு பாடவேளை கடந்துவிட்டால் வலி போன இடம் தெரியாது. இதனைக் கண்டு கண்டு பழகியவனாதலின், திங்கட்கிழமையில் வரும் நோய் என்று எவர் சொன்னாலும் உள்ளுக்குள் நகைப்பது என் வழக்கமாயிற்று. அந்த நகைப்பு ஒருமுறை என்னைப் பெரும்பிழையில் ஆழ்த்தியது.

என்னிடம் பத்தாம் வகுப்புவரை பயின்று, குடும்பநிலை காரணமாகப் படிப்பை நிறுத்தி, திருப்பூருக்கு அருகே நூற்பாலை ஒன்றில் கார்டிங் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த மாணாக்கர் ஒருவர் சில ஆண்டுகள் கழித்து என் இல்லத்திற்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை ஆலைக்குப் போனா, சாயங்காலத்துக்குள்ள நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்குதுங்க சார். புதன் வியாழன் ஆச்சுன்னா கொறஞ்சு போயிருதுங்க. அடுத்த திங்கக்கிழமை மறுபடியும் வந்துருது" என்றார். "தம்பி, உனக்கு ஞாயிற்றுக்கிழமையை விட மனமில்லை. பள்ளிக்கூடத்திலும் நீ அப்படித்தானே?" என்றேன். அவரும் சிரித்தார், காப்பி அருந்திவிட்டுச் சென்றார். பின்னர் அவர் மீண்டும் வந்தபோது வாசலின் நான்கு படிகளை ஏறி, பேசுவதற்குமுன் சிறிது நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகே நான் நூல்களைத் தேடிப் படிக்கலானேன். படித்ததில் ஒரு பகுதியை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் சொன்ன நோய் மிகப் பழமையானது. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் நூல் எழுதிய ரமஸ்ஸீனி என்ற இத்தாலிய மருத்துவர், சணலும் ஆளிநாரும் சீவுவோர் இடைவிடாது இருமுவதைக் குறித்து வைத்தார். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளை ஆராய்ந்த ஷில்லிங் என்ற மருத்துவர் இந்நோயைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். வாரத்தின் முதல் வேலைநாளில் மட்டும் நெஞ்சு இறுகுவது ஒரு படி. மற்ற நாள்களிலும் அது தொடர்வது அடுத்த படி. மூச்சுத்திறன் நிலையாகக் குன்றிவிடுவது கடைசிப் படி. பைசினோசிஸ் என்பது இதன் பெயர். என் மாணாக்கர் முதற்படியில் நின்று என்னிடம் உரைத்தார். நான் அதனைச் சோம்பல் என்றேன்.

பஞ்சு தூய்மையான பொருளாயிற்றே, அதன் தூசி நெஞ்சை ஏன் இறுக்க வேண்டும்? வெண்பஞ்சின் இழை இங்குக் குற்றவாளியன்று. பருத்திக்காயை இலைபோன்ற புறவிதழ்கள் சூழ்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு பஞ்சாக மூட்டைக்குள் போய்விடுகின்றன. அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றுட் பல, கிராம் என்பவர் கண்ட சாயமுறையில் ஊதா நிறத்தை ஏற்று நிறுத்திக்கொள்ளாத வகையைச் சேர்ந்தவை. இவ்வகைப் பாக்டீரியாவின் வெளிப்போர்வை கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருளால் ஆனது. அதற்கு எண்டோடாக்ஸின் என்று பெயர். பாக்டீரியா மாண்டபின்னும் போர்வை அழிவதில்லை. புளோரூமிலும் கார்டிங் இயந்திரத்திலும் பஞ்சு அடிபட்டுச் சீவப்படும்போது அது தூசியாக எழுந்து மூச்சோடு உள்ளே செல்கிறது.

உள்ளே அதனை எதிர்கொள்வோர் யார்? இவ்வினாவிற்கு விடை சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் 1882ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மெச்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞரின் குடும்பத்தினர் ஒருநாள் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட்டனர். வீட்டில் தனித்திருந்த அவர், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் உருப்பெருக்கியில் நோக்கியபோது, நகரும் அணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. முள் குத்திய நம் விரலில் சீழ் கட்டுவதும் இத்தகையதே என்று அவர் உய்த்துணர்ந்தார். கிருமிகளை விழுங்கும் அணுக்கள் உடலில் உள்ளன என்ற அக்கொள்கைக்காக 1908ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

அவ்வணுக்களுள் இரண்டினை நாம் அறிந்துகொண்டாற் போதும். ஒன்று மாக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கி. இது நுரையீரலின் காற்றறைகளிலேயே குடியிருந்து, வந்து விழும் தூசியையும் கிருமியையும் விழுங்கித் துப்புரவு செய்கிறது. மற்றொன்று நியூட்ரோபில். இது குருதியில் சுற்றிவரும் வெள்ளணு. எலும்பு மச்சையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி என்ற கணக்கில் உண்டாகிச் சிறிது காலமே வாழ்ந்து மடிவது. ஊர்க்காவலர் என்று பெருவிழுங்கியைக் கொண்டால், அழைத்தவுடன் வண்டியில் வந்து இறங்கும் படை என்று நியூட்ரோபிலைக் கொள்ளலாம்.

விழுங்குவது இருக்கட்டும், எதனை விழுங்குவது என்று இவை எவ்வாறு அறிகின்றன? ஒருமுறை வந்த அம்மையை நினைவில் வைத்து மறுமுறை தடுக்கும் அணுக்கள் வேறு. அவை கற்றுக்கொள்ள நாட்கள் ஆகும். பெருவிழுங்கியோ எவரிடமும் பாடம் கேட்பதில்லை. முன்பின் கண்டிராத கிருமியையும் சில நிமிடங்களில் அடையாளம் காண்கிறது. அமெரிக்க அறிஞர் ஜேன்வே 1989ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். கிருமிகள் பல்லாயிரம் வகை; ஆயினும் ஒவ்வொரு குலத்துக்கும் மாற்றவியலாத சில பொது அடையாளங்கள் உண்டு; நம் உடலில் இல்லாத அந்த அடையாளங்களைப் பற்றிக்கொள்ளும் கருவிகள் இவ்வணுக்களில் பிறவியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்பது அக்கருத்து. அப்பொழுது அந்தக் கருவியை எவரும் கண்டிருக்கவில்லை.

அது முதலில் அகப்பட்டது ஓர் ஈயிடத்தில்! அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈ அது. அந்த ஈயின் கரு வளர்ச்சிக்குத் தேவையான மரபணு ஒன்றுக்கு டோல் என்று முன்னரே பெயரிட்டிருந்தனர். டோல் என்பது ஜெர்மன் மொழியில் வியப்பைக் குறிக்கும் சொல். 1996ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஹோஃப்மனும் அவர் குழுவினரும், டோல் பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சைக் காளானை எதிர்க்க இயலாமல் மடிவதைக் கண்டனர். காளான் இழை போர்த்துக் கிடக்கும் அந்த ஈயின் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அடுத்த ஆண்டே ஜேன்வேயும் மெட்ஜிட்டோவும் மனிதனிடத்தும் டோல் போன்ற ஒன்று இருப்பதைக் காட்டினர்.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாய்ட்லர் என்பவர் வெளியிட்ட கண்டுபிடிப்பே நம் பஞ்சாலைக்கு நேராக வந்து சேர்கிறது. எண்டோடாக்ஸினை எவ்வளவு செலுத்தினாலும் சலனமடையாத ஓர் எலிக்குலம் ஆய்வுக்கூடங்களில் இருந்தது. அவ்வெலிகளிடம் பழுதுபட்டிருந்தது டோல் போன்ற வாங்கிகளுள் நான்காவது என்பதை அவர் கண்டார். எண்டோடாக்ஸினை உணரும் கருவி அதுவே என்பது அதனால் விளங்கிற்று. அந்த எலிகள் பாக்கியசாலிகள் என்று எண்ணிவிடாதீர்கள். உயிருள்ள கிருமி புகுந்தால் அவை மற்ற எலிகளினும் எளிதில் இறந்துபடும். கூவத் தெரியாத காவலன் இருந்தென்ன, இல்லாமலென்ன? பாய்ட்லரும் ஹோஃப்மனும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஜேன்வே 2003ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

இத்தகைய டோல் வாங்கிகள் மனிதனிடம் 10 உள்ளன. ஒன்று பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சாட்டையை அறியும். மற்றொன்று வைரஸின் இரட்டைச் சர நியூக்ளிக் அமிலத்தை அறியும். நான்காவது, எண்டோடாக்ஸின் போர்வையை அறியும். போர்வைக்குள் உயிர் இருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. பிழை என்று கூறத் தோன்றும். ஆனால் உயிர் உண்டா என்று ஆராய்ந்து கொண்டிருந்தால் அதற்குள் கிருமி பன்மடங்காகப் பெருகிவிடும் அன்றோ?

கார்டிங் பகுதியில் நிற்கும் தொழிலாளியின் நெஞ்சில் நிகழ்வது இதுதான். செத்த பாக்டீரியாவின் போர்வை காற்றறைக்குள் விழுகிறது. பெருவிழுங்கி அதனைப் பற்றி, பகை புகுந்தது என்று சைட்டோகைன் என்னும் தூதுப்பொருள்களை வெளிவிடுகிறது. நியூட்ரோபில்கள் குருதிக் குழாயினின்றும் வெளியேறி மூச்சுக் குழாய்களில் வந்து குவிகின்றன. குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது, வழி குறுகுகிறது, நெஞ்சு இறுகுகிறது. ஆலைக்குப் புதிதாக வந்தவருக்கு முதற் சில நாட்களில் குளிரும் காய்ச்சலும் காண்பதுண்டு. அத்தூதுப்பொருள்கள் மூளையை எட்டி உடலின் வெப்பத்தை உயர்த்துவதன் விளைவு அது. புகுந்தது பகையன்று, பகையின் பழந்துணி. போரோ மெய்ப்போர், அதனால் நைவது சொந்த வீட்டின் சுவர்.

அப்படியானால் புதன்கிழமை ஏன் குறைகிறது? ஒரே அடையாளம் நாள்தோறும் வந்து விழுமாயின் பெருவிழுங்கியின் கூக்குரல் தணிந்துவிடுகிறது. எண்டோடாக்ஸினை மீண்டும் மீண்டும் செலுத்திய ஆய்வுகளில் இத்தணிவைத் தெளிவாகக் கண்டுள்ளனர். ஓய்வுநாள் இடையில் வந்தால் கூர்மை திரும்புகிறது. திங்கட்கிழமை தூசி புத்தம் புதிய பகையாகத் தோன்றுகிறது. ஓய்வின் சுகம் என்று நான் எள்ளியதில் ஒரு சொல் மட்டும் உண்மை, ஓய்வுதான் காரணம். ஆனால் ஓய்ந்தெழுந்தவை அவருடைய வெள்ளணுக்கள்.

தூசியின் அளவா, அதிலுள்ள எண்டோடாக்ஸினா, எது தீங்கு என்பதையும் சோதித்திருக்கின்றனர். 1987ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தாமே முன்வந்தவர்களைப் பல்வகைப் பஞ்சின் தூசியில் அமர்த்தி மூச்சை அளந்தனர். மூச்சின் குறைவு தூசியின் எடையோடு ஒத்துச் செல்லவில்லை. எண்டோடாக்ஸினின் அளவோடு ஒத்துச் சென்றது. இந்த எண்டோடாக்ஸினை அளப்பதற்குப் பயன்பட்டுவருவது குதிரைலாட நண்டின் நீலக்குருதி. அது பட்டவுடன் அக்குருதியின் அணுக்கள் உறைகின்றன. நட்சத்திரமீன், ஈ, நண்டு என்று எலும்பில்லாத உயிர்களே இத்துறையில் நமக்கு ஆசான்களாய் வாய்த்தது வேடிக்கைதான்.

செய்யத்தக்கவையும் உண்டு. நூல் நூற்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் பஞ்சுத் தூசி 0.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்க அரசு 1978ஆம் ஆண்டில் விதித்தது. முறைப்படி நீரில் அலசிய பஞ்சுக்கு விதியைத் தளர்த்தியது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தோடு இணைந்த தொழில்நோய்ப் பட்டியலில் இந்நோய் இடம்பெற்றது. இயந்திரத்தின்மேல் படிந்த பஞ்சைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுவது கண்ணுக்குத் துப்புரவு, நெஞ்சுக்குக் கேடு. உறிஞ்சி எடுப்பதே முறை. மருத்துவர் சோதிப்பதும் எளிது. திங்கட்கிழமை வேலைக்குமுன் ஒருமுறையும், வேலை முடிந்தபின் ஒருமுறையும் குழாயில் ஊதச் செய்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

என் மாணாக்கரையும் அவ்வாறே ஊதச் செய்தார்கள். மாலையில் வந்த எண் காலை எண்ணைவிடக் குறைவாக இருந்தது. அவர் இப்பொழுது நூலைப் பெட்டியில் அடுக்கும் பகுதிக்கு மாறியிருக்கிறார். நெஞ்சின் இறுக்கம் திங்கட்கிழமைகளில் வருவதில்லை என்கிறார். ஆயினும் என் வீட்டு வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருகிறார். சென்ற மாதம் அவர் தம்முடன் ஓர் இளைஞரை அழைத்து வந்தார். "இவனும் கார்டிங்தானுங்க சார். திங்கக்கிழமை என்ன ஆகுதுன்னு நீங்களே கேளுங்க" என்றார். அவரை அமரச் சொல்லி, கேட்டேன்.