கட்டமும் படமும்
(பள்ளிக்கரணையில் ஆற்றிய சொற்பொழிவு)

பக்கத்துத் தாம்பரம் சானடோரியத்தில் 1928 முதல் காசநோய்க்கு வைத்தியம் நடக்கின்றது. அதே நோய்க்கு நம்மவர் இன்றும் ஜாதகக் கட்டத்தில் ஆறாமிடம் பார்க்கின்றார்கள். நாம் பேச வந்தது வேறொரு படத்தைப் பற்றி.

காசநோய்க் கிருமிக்கு மைகாலிக் அமிலத்தாலான மெழுகுப் போர்வை உண்டு. அதில்லாமல் அது பிழைக்காது. அப்போர்வையைக் கிருமி படிப்படியாகச் செய்கின்றது. ஒரு பொருள் மற்றொன்றாக மாறும். மாற்றுகிற வேலையாள் புரதம். பொருளுக்கு ஒரு வட்டம், மாற்றத்திற்கு ஒரு அம்பு என்று போட்டு, வட்டந்தோறும் வரவுசெலவுக் கணக்கெழுதி, 219 மாற்றங்களும் 28 புரதங்களும் கொண்ட படமொன்றை 2005இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலிருந்து கார்த்திக் ராமன், பிரீத்தி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா ஆகியோர் வெளியிட்டனர்.

ஏரிக்கால்வாய் என்று நினைத்துக் கொள்ளுங்கள். எந்த மதகை அடைத்தால் கடைமடை காயும் என்று கம்ப்யூட்டரிலேயே அடைத்துப் பார்க்கலாம். இன்ஹா என்ற புரதத்தை அடைத்தால் போர்வை நின்றுபோகின்றது. வைத்தியர் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை அடைப்பதும் அதே மதகைத்தான்!

படம் தப்பாகவும் இருக்கலாம். சோதனைச்சாலையில் கிருமி வேறுவிதமாக நடந்தால் அம்பை அழித்து மாற்றிப் போடுவார்கள். கிருமியின் தலைவிதி என்று சொல்லித் தட்சிணை வாங்க மாட்டார்கள். ஜாதகம் பொய்த்ததென்று எந்தச் சோதிடராவது ஒரு கட்டத்தை அழித்ததுண்டா என்று கேட்கின்றோம். பிள்ளை இருமுகின்றது, பெயர்ச்சி வரை பொறு என்கின்றார். அதற்குள் கிருமி வீட்டிலுள்ள மற்றவரையும் பிடிக்கின்றது. சளிச் சோதனையும் மாத்திரையும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம்.