ஒரு துளி குருதி, ஒரு நிமிடம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இதே மண்டபத்தில் வாய்பாடு ஒப்புவித்த நாம், இன்று ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதன் பெயர் ஐ.என்.ஆர். குருதி எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று அது சொல்லும். குருதி உறையாமைக்கு மருந்தெடுக்காதவருக்கு அது ஏறத்தாழ 1.

சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி, உலோக வால்வு பொருத்தியவர்கள் ஆயுள் முழுவதும் வார்பரின் குளிசை எடுக்க வேண்டும். மைட்ரல் வால்வு என்றால் அவர்களது எண் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் குருதி கட்டிபட்டுப் பக்கவாதம் வரலாம், கூடினால் குருதிப்பெருக்கு. சோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் உலோக வால்வுக்கு உகந்தவையல்ல.

வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணிச் சுண்டலும்கூட இந்த எண்ணை அசைக்கும். கீரையை விட வேண்டாம். வழக்கமான அளவை மாற்ற வேண்டாம்.

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் கண்டிக்கு வருவோரை நாம் அறிவோம். ஒரு சோதனைக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். இரண்டு தடவை வராத ஒரு தாயை, பேச்சிழந்த நிலையில் மகள் அழைத்து வந்தாள். கிளினிக் புத்தகத்தைப் புரட்டினோம். "வரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது எமது கைதான். ஏன் வரவில்லை என்று நாம் கேட்டிருக்கவில்லை.

விரல் நுனியில் குத்தி, ஒரு துளியைச் சோதனைப் பட்டியில் வைத்தால், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எண்ணைக் காட்டும் சிறு கருவி இன்று உண்டு. ஜெர்மனியில் 1980களிலிருந்தே நோயாளர் வீட்டில் தாமே சோதிக்கிறார்கள். பயிற்சி பெற்றுச் சோதிப்போருக்குக் குருதிக்கட்டி ஆபத்துக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் கருவியை ஆய்வுகூட முடிவுடன் இடைக்கிடை ஒப்பிட வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டுத் தாமாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. பட்டிகளோ தீரத் தீர வாங்க வேண்டியவை.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, எமது வேண்டுகோள் இதுதான்: ஒரு தோட்ட வைத்தியசாலைக்கு ஒரு கருவி, அங்குள்ள தாதிக்குப் பயிற்சி, வருடம் முழுவதற்கும் பட்டிகள். கருவியை மட்டும் தந்துவிட்டு நிறுத்த வேண்டாம். பட்டி தீர்ந்த கருவி அலுமாரியில்தான் கிடக்கும். சங்கம் இதை ஏற்றால், பயிற்சியளிக்க நாம் ஆயத்தம்.