நித்திரையும் ஒற்றைத் தலையிடியும்

தலையிடி வராத மனிதர் அரியர். அதனாற்றான் ஒருவர் தமக்குத் தலையிடி என்று சொல்லும்போது, கேட்பவர் அதனைப் பெரிதாகக் கொள்வதில்லை. நெற்றியிற் சிறிது தைலம் பூசிக்கொண்டு வேலையைப் பார்க்கலாமே என்பது அவர் எண்ணம். யாழ்ப்பாணத்தார் கபாலக்குத்து என வழங்கும் ஒற்றைத் தலையிடி அத்தகைய எளிய நோயன்று. அது 4 மணித்தியாலம் முதல் 3 நாள் வரை நீடிக்கும்; தலையின் ஒருபாதி நாடி துடிப்பதுபோல் இடிக்கும்; வயிற்றைக் குமட்டும்; சன்னல் வெளிச்சமும் பாத்திரம் உருளும் ஓசையும் பகையாகும்.

சிலருக்கு நோவு தொடங்குமுன் கண்ணெதிரே கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் தோன்றி மறையும். இங்கிலாந்தின் அரச வானியலாளராக விளங்கிய ஜோர்ஜ் எயரி தமக்கு இவ்வாறு நேர்ந்ததை 1865இல் எழுதினார். வைத்தியராகிய அவர் மகன் ஹியூபேட் எயரி தாம் கண்ட காட்சியை 1870இற் படமாகவே வரைந்து வெளியிட்டார். தந்தைக்கும் மைந்தனுக்கும் ஒரே துன்பம்! இந்நோய் குடும்பவழி வருவதென்பது இன்று தெளிந்த செய்தி.

பிள்ளைகளையும் இது விடுவதில்லை. அவர்களுக்கு நோவு பெரும்பாலும் நெற்றி முழுவதும் பரவும். சிலவேளை ஓரிரு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். காலையிற் பின்வாங்கிலே தலை கவிழ்ந்து கிடந்த சிறுவன், சற்று உறங்கி எழுந்து, மாலையிற் பந்தடிக்கக் கண்டால், "கள்ளம்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அவன் உறங்கியதே அவனுக்கு மருந்தாயிற்று என்பதை யார் எண்ணுகிறார்கள்?

நித்திரைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு விசித்திரமானது. நித்திரை குறைந்தாலும் தலையிடி வரும். விடுமுறை நாளில் வழக்கத்துக்கு மேல் உறங்கினாலும் வரும். வந்த தலையிடியைத் தீர்ப்பதும் பலருக்கு நித்திரையே. மாலையில் மிக முன்னதாக உறங்கி விடியுமுன் விழிக்கும் இயல்பும் ஒற்றைத் தலையிடியும் ஒருங்கே அமைந்த சில குடும்பங்களில், இரண்டுக்கும் பொதுவான ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக 2013இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

ஆண்களைவிடப் பெண்களை இந்நோய் ஏறக்குறைய மும்மடங்கு வருத்துகின்றது. விடியுமுன் அடுப்பு மூட்டும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். இரவு நோவினால் உறக்கமில்லை. பகலிற் சோர்வை வெல்லக் கடுந்தேநீர். அந்தி மயங்கியபின்னும் ஒரு கோப்பை. அதன் வேகம் பல மணித்தியாலம் உடம்பில் நிற்பதால் மறுநாளிரவும் கண் மூடாது. தலையிடிக்குப் பரசிற்றமோல். முதலிற் கிழமைக்கு ஒருநாள். பிறகு ஒன்றுவிட்டொரு நாள். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இவ்வகைக் குளிகையை உட்கொண்டு 3 மாதத்துக்கு மேற் கடந்தால், குளிகையே தலையிடிக்குக் காரணமாகிவிடலாம். நிறுத்தியவுடன் சில நாள் நோவு மிகும். ஆதலால் அவள் மீண்டும் குளிகையை நாடுவாள். வைத்தியரின் துணையோடு விடுபடுவதே நன்று. 1991 முதல் வந்த சுமற்றிப்ரான் போன்ற சிறப்பு மருந்துகளுக்கும் எல்லை உண்டு. மாதம் 10 நாளை எட்டலாகாது.

திடீரென இடிவிழுந்தாற்போல் வரும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடியது, கைகால் சோர்வோ பேச்சுக் குழறலோ உடன் வருவது ஆகியவற்றைக் கபாலக்குத்தென்று வீட்டில் வைத்துப் பார்த்தல் தகாது; உடனே ஆசுபத்திரிக்குச் செல்லவேண்டும். மற்றையோர், உறங்கிய நேரம், விழித்த நேரம், தலையிடித்த நாள், விழுங்கிய குளிகை ஆகிய நான்கையும் பழைய அப்பியாசக் கொப்பியொன்றிற் குறித்து வரலாம். இரண்டு மூன்று மாதக் குறிப்பைக் கண்டால், "எத்தனை நாளுக்கொருமுறை?" என்னும் வைத்தியரின் முதற் கேள்விக்கு அந்தத் தாய் தடுமாற வேண்டியதில்லை.