நோவு தெரியாத பாதம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





வைத்தியம் படித்த பழைய மாணவியைப் பேச அழைத்தால் இருதயத்தைப் பற்றியோ புற்றுநோயைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் கால்களைப் பற்றிப் பேசுவோம். கால்களில் ஓடும் நரம்புகளையும் அவை ஆட்டுவிக்கும் தசைகளையும் பற்றி. உடற்கூற்றைத் தமிழில் சொல்ல முடியுமா என்று தயங்கத் தேவையில்லை. மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெரிய நூலை 1872இலேயே நமக்குத் தந்துவிட்டார்.

கால்களைத் தெரிவு செய்ததற்கான காரணம் நம் வத்தளையிலேயே இருக்கிறது. ஹெந்தளையில் உள்ள தொழுநோய் வைத்தியசாலையை ஒல்லாந்தர் 1708இல் திறந்தார்கள். 1901இல் வந்த சட்டம் தொழுநோயாளரைப் பிரித்து வைக்க இடம் கொடுத்தது. இங்கே ஹெந்தளை, மட்டக்களப்பில் மாந்தீவு என்று, வீட்டைப் பிரிந்து ஆயுள் முழுவதையும் கழித்தவர்கள் பலர். அவர்களுடைய கால்களுக்கு என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால், இன்று நம் வீடுகளில் சீனி வருத்தத்தோடு இருக்கும் அம்மாமார், அப்பாமாரின் கால்களை நாம் காப்பாற்றலாம்.

முதலில் தசை. இருந்த இடத்திலேயே குதிக்காலை நிலத்தில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்குங்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் வெளிப்பக்கத்தில் கையை வையுங்கள். இறுகுவது தெரிகிறதல்லவா? பாதத்தைத் தூக்கும் தசை அதுதான். இனி விரல்களை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குங்கள். இப்போது இறுகுவது பின்னால் இருக்கும் கெண்டைக்கால் தசை. தசைக்கு இழுக்கத் தெரியும்; தள்ளத் தெரியாது. ஆகவே ஒவ்வோர் அசைவுக்கும் எதிரெதிராக இழுக்கும் தசைகள் வேண்டும். ஒரு பக்கம் செயலிழந்தால் மறுபக்கம் வென்றுவிடும்.

அடுத்தது நரம்பு. சயாட்டிக்கா என்று நோவின் பெயராக நாம் கேள்விப்படுகிறோமே, அந்த நரம்புதான் உடலிலேயே தடித்த நரம்பு. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, பிட்டத்தின் ஊடாகத் தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் தட்டுப்படும் எலும்பு முண்டைச் சுற்றி முன்னுக்கு வருகிறது. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கு உயிர் கொடுப்பது இதுவே. தோலுக்கு மிக அருகில் இருப்பதால், இறுக்கமான பிளாஸ்டர் கட்டோ நெடுநேரம் கால்மேல் கால் போட்டிருப்பதோ கூட இதை நசுக்கிவிடலாம். நசுங்கினால் பாதம் தொங்கும், செருப்பு கழன்று விழும், முன்விரல் நிலத்தில் இடறும். மற்றக் கிளை கெண்டைக்காலுக்குள் இறங்கி, உட்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் வளைந்து உள்ளங்காலை அடைகிறது. முள் குத்தினால் நமக்குச் சொல்வது இந்தக் கிளைதான்.

நரம்புக்கும் தசைக்கும் உள்ள உறவைத் தன் உடலிலேயே கண்டவர் டொக்டர் மேரி வர்கீஸ். வேலூரில் பணியாற்றிய அவருக்கு 1954இல் நடந்த வாகன விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டது. கால்களின் எலும்பும் தசையும் இருந்தபடியே இருக்க, அவற்றுக்குக் கட்டளை போகும் வழி அறுந்துபோனது. அதன் பின்னர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பெண் பிள்ளைகளைப் படிப்பிக்கும் எந்தப் பாடசாலையிலும் சொல்லப்பட வேண்டிய பெயர் அது.

தொழுநோய்க் கிருமியை நோர்வே வைத்தியர் ஹான்சன் 1873இல் கண்டார். உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்கு விருப்பமான இடம். அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையே அது முதலில் தாக்குகிறது: முழங்கையில் ஒன்று, முழங்காலின் வெளிப்புறத்தில் ஒன்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று. முழங்கால் நரம்பு கெட்டால் பாதம் தொங்கும். கணுக்கால் நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்துப்போகும்.

நோயே தசையைத் தின்கிறது, விரல்கள் தாமாக உதிர்கின்றன என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட் அதை மாற்றினார். நோயாளரின் புண்களை ஒவ்வொன்றாகக் கவனித்த அவரும் அவரோடு இருந்தவர்களும் கண்ட உண்மை எளியது: தசையில் குறையில்லை. ஓய்வும் பாதுகாப்பும் கொடுத்தால் அந்தப் புண்ணும் மற்றவர்களுடைய புண்ணைப் போலவே ஆறும். ஆனால் நோவு தெரியாததால் அவர்கள் ஆணி மேல் நடந்தார்கள், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கினார்கள், புண்ணை ஊன்றியே நாள் முழுதும் வேலை செய்தார்கள். நாம் தூரம் நடந்தால் அறியாமலே பாரத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். நோவு தெரியாத பாதம் அதே இடத்திலேயே ஆயிரம் தடவை அடிபடும்.

தொங்கிய பாதத்துக்கும் வழி இருந்தது. முன்பக்கத் தசை செயலிழந்தாலும் பின்பக்கத் தசை பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதன் நரம்பு வேறு. ஆகவே பின்னால் இருக்கும் ஒரு தசையின் நாணை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து தைக்கிறார்கள். அதுவரை பாதத்தை உள்ளே இழுத்த தசை இனி மேலே தூக்க வேண்டும். நோயாளி பயிற்சி எடுத்து மூளைக்கும் அதைப் புதிதாகக் கற்பிக்கிறார்.

1966இல் அமெரிக்காவுக்குச் சென்ற போல் பிராண்ட், இதே பாடத்தை நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் சொன்னார். நமக்கு இன்று வேண்டிய பாடம் அதுதான்.

சீனி கூடியபடியே வருடக்கணக்கில் இருந்தால் நரம்பு கெடும். நீளமான நரம்பு முதலில் கெடும். முள்ளந்தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீற்றர். அதனால்தான் விறைப்பு இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போடுவது போல மேலே ஏறுகிறது. பாதத்தின் சிறு தசைகளும் மெலியும். விரல்கள் கொக்கிபோல் வளையும். உள்ளங்காலின் முன்மேட்டில் பாரம் விழுந்து தோல் தடிக்கும். தடித்த தோலின் கீழே புண் வரும். நோகாதபடியால் யாரும் பார்க்கமாட்டார்கள். “அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நோகவில்லை என்று சொல்கிறா” என்று பிள்ளைகள் நம்மிடம் சொல்லும்போதுதான் நாங்கள் வைத்தியர்கள் பயப்படுகிறோம். சீனி வருத்தக்காரரின் பாதத்தில் புண் இருந்தும் நோகவில்லை என்றால், அது ஆறுதல் தரும் செய்தியல்ல.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் மெதுவாக, ஓரிரு விநாடி தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ வேண்டாம். தொட்டது தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், புண் வரும்வரை காத்திராமல் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லுங்கள்.

பின்னர் ஒவ்வோர் இரவும் ஐந்து நிமிடம். உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். சப்பாத்தைப் போடமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடித்த தோலை பிளேட்டால் வெட்டக்கூடாது. சுடுநீரில் கால் வைக்கமுன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் தோழிகள், அம்மாவின் காலடியில் சுடுநீர்ப் பையோ ஹீற்றரோ வைக்கும்போது இதை நினைக்க வேண்டும். பொன்னம்பலவாணேஸ்வரத்தின் கருங்கல் தளம் மத்தியான வெயிலில் எப்படிச் சுடும் என்று கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தெரியும். உணர்ச்சி குறைந்தவர்கள் காலையிலோ மாலையிலோ போய்க் கும்பிடட்டும்.

ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். இலங்கையில் 1995இல் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டது. ஆனால் அது ஒழிந்துவிடவில்லை. மேல் மாகாணத்திலும் புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகிறார்கள். சிறுவர்களும் அவர்களில் உண்டு. தோலில் வெளிறிய, உணர்ச்சி குறைந்த படை கண்டால் ஒளிக்காமல் தோல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுத்தால் முற்றாகக் குணமாகும். நேரத்தோடு தொடங்கினால் நரம்பும் தப்பும். சிகிச்சை பெறும் பிள்ளை வகுப்பிலிருந்து விலக்கப்படத் தேவையே இல்லை.

ஹெந்தளையில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு இந்த மருந்து உரிய காலத்தில் கிடைக்கவில்லை. நரம்பு கெட்டதோடு ஊரும் அவர்களைக் கைவிட்டது. நமக்கு மருந்தும் இருக்கிறது, விளக்கமும் இருக்கிறது. சங்கத்தின் நூறாவது ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் மூத்தவர் இருவரின் கால்விரல்களைத் தொட்டுப் பார்ப்பதாக எடுத்துக்கொள்வோம். செலவில்லாத வேலை, ஒரு கால் தப்பினாலும் போதும்.