வயது கடந்தபின் கால்நடைக் கல்வி
(பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



பள்ளியை விட்டுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னர், கால்நடை அறிவியலில் பட்டம் பெற இயலுமா என்று நம்மிடம் வினவுவோர் பலர். விடியற்காலையில் பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டும் இளைஞர் அவர்களுள் உண்டு. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கல்வியை நாடும் தாய்மாரும் உண்டு. அவர்களுடைய ஆர்வத்தை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், எந்தப் படிப்பு என்று கேட்பதற்கு முன், எந்தப் பணி என்று தெளிதல் வேண்டும். பணி தெளிவானால் படிப்பும் தெளிவாகும்.

நோயுற்ற கால்நடைக்குச் சிகிச்சை அளிப்பதே உங்கள் விருப்பமாயின், அதற்குரிய வழி கால்நடை மருத்துவம் மற்றும் பராமரிப்புப் பட்டப்படிப்பு ஒன்றே. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே இத்தொழிலை நடத்தலாம். அஞ்சல் வழியாக மருத்துவராக்குவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். நம் நாட்டில் இப்பட்டக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இன்று அது, 1989-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது.

இப்படிப்புக்கு 4½ ஆண்டுகளும், அதன்பின் ஓராண்டுப் பயிற்சியும் தேவை. இக்கால அளவை விவசாயியின் கணக்கில் சொல்வோம். நீங்கள் கல்லூரியில் சேரும் நாளில் பிறந்த கலப்பினக் கிடாரிக் கன்று, நீங்கள் பட்டம் பெற்றுத் திரும்புமுன் இரண்டு ஈற்றுகளாவது ஈன்றிருக்கும். அத்தனை காலமும் தொழுவத்தை யார் பார்ப்பது? வீட்டுச் செலவை யார் ஏற்பது? கறவை மாடுகளை விற்றுக் கட்டணம் செலுத்திவிட்டு, இடையில் படிப்பையும் விட நேர்ந்தால் குடும்பம் இரண்டையும் இழக்கும். ஆகவே, விண்ணப்பிக்குமுன் குடும்பத்தார் அனைவரும் கூடியமர்ந்து இதனை முடிவு செய்தல் நலம்.

மேலும், பன்னிரண்டாம் வகுப்பில் உரிய அறிவியல் பாடங்களைப் பயின்றிருத்தல் இன்றியமையாதது. அம்மதிப்பெண்களே தரவரிசைக்கு அடிப்படை. வயது வரம்பை அவ்வாண்டின் தகவல் தொகுப்பில் நேரே படித்தறியுங்கள். பிறர் வாய்மொழியை நம்பவேண்டா.

பாலையும் முட்டையையும் பொருளாக்கி விற்பதில் நாட்டமுடையோருக்கு வேறு பட்டங்கள் உள்ளன. இதே பல்கலைக்கழகம் பால்வளம், உணவு, கோழியினம் ஆகிய தொழில்நுட்பங்களில் நான்காண்டுப் பட்டங்களை வழங்குகிறது. இவற்றைப் பெற்றவர் மருத்துவராக இயலாது. பதனிடும் நிலையங்களிலும் பண்ணைகளிலும் பணியாற்றலாம். சொந்தத் தொழிலும் தொடங்கலாம்.

தம்முடைய பத்து மாடுகளைச் செம்மையாக வளர்க்க விரும்புவோருக்கோ பட்டம் தேவையே இல்லை. 1974-இல் புதுச்சேரியில் முதன்முதலாகத் தோன்றிய வேளாண் அறிவியல் நிலையங்கள் இன்று மாவட்டந்தோறும் பரவியுள்ளன. தீவனம், கன்று வளர்ப்பு, நோய்த் தடுப்பு ஆகியவற்றில் சில நாட் பயிற்சிகளை அங்கே பெறலாம். கற்றதை மறுநாளே தொழுவத்தில் செய்து பார்க்கலாம்.

இறுதியாக ஒரு யோசனை. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் மருத்துவரிடம் அனுமதி பெற்றுப் பத்து நாட்கள் உடனிருந்து பாருங்கள். கன்று குறுக்கே கிடந்து பசு தவிக்கும் நள்ளிரவையும், எத்தனை முயன்றும் பிழைக்காத ஆட்டின் முன் அதன் உரிமையாளர் நிற்கும் நிலையையும் காணுங்கள். அதன் பின்னரும் அப்பணியே வேண்டும் என்று உள்ளம் கூறுமாயின், வயதை எண்ணித் தயங்காதீர்கள். விதி இடம் தருமானால் துணிந்து விண்ணப்பியுங்கள். தம் மாடுகளின்மீது கொண்ட அன்பே தம்மை இவ்வழியில் தூண்டியது என்று உணர்வோர், வீடு திரும்பி அவற்றை மேலும் நன்றாக வளர்க்கட்டும். அதில் குறைவு ஏதும் இல்லை. ஊருக்கு இருவரும் வேண்டும்.