கண்ணைக் கசக்காதீர்கள்!
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் 1934-இல் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் நம் திருச்சிராப்பள்ளி. அன்றைய சிகிச்சை முறைகள் பெரிதும் மாறிவிட்டன. இன்று கண்ணாடியைத் தவிர்க்க விரும்புவோருக்கு லேசர் சிகிச்சை சில நிமிடங்களில் முடிகிறது. ஆனால் அதன் பலன் நிலைப்பது, வீட்டில் காட்டும் கவனத்தைப் பொறுத்தது.

லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து, லேசர் கதிரால் வளைவைச் சீராக்கி, மடலை மூடுகிறோம். தையல் கிடையாது. கண்ணைக் கசக்கினால் மடல் இடம் பெயரக்கூடும். தூக்கத்தில் கை படாதிருக்கவே முதல் சில இரவுகள் கண்மூடி அணியச் சொல்கிறோம்.

பெரும்பாலோருக்கு மறுநாளே பார்வை தெளிகிறது. உடனே, "குணமாகிவிட்டதே" என்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியில் முழுக்குப் போட்டால், தண்ணீரோடு கிருமியும் கண்ணில் சேரும். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஆற்றுக் குளியலும் தலைமுழுக்கும் வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால் போன்றவற்றைக் கண்ணில் விடக்கூடாது.

சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை மட்டும் விடுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தைக் கடையில் நீங்களாகவே மீண்டும் மீண்டும் வாங்கி விட்டால் கண்ணழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடலாம். அப்படி இழந்த பார்வை திரும்பாது. கண் உலர்ச்சி சில மாதம் இருக்கலாம். அதற்கு வேறு சொட்டு மருந்து உண்டு. வலி, சிவப்பு, மங்கல் கண்டால் அன்றே மருத்துவரிடம் வாருங்கள்.

உங்கள் சபையிலோ தெருவிலோ இச்சிகிச்சை பெற்றவர் இருந்தால் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அதுவும் நீங்கள் எங்களுக்குச் செய்யும் உதவியே.